அன்பின் பேரில் எழுதிய பத்திரம்: தமிழகத்தில் முதுமைக்கால ஏற்பாட்டு ஆவணங்கள், 1829–2025

ஆய்வுச் சுருக்கம்

முதுமையில் சொத்தையும் பராமரிப்பையும் முன்கூட்டி ஏற்பாடு செய்யத் தமிழகத்தில் பயன்பட்டுவரும் உயில், செட்டில்மெண்ட் ஆகிய ஆவணங்களின் சட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சொத்தைப் பகிர்ந்தளிக்கும் உரிமை படிப்படியாக விரிந்த காலத்திலும் பராமரிப்பு எழுதப்படாத எதிர்பார்ப்பாகவே நின்றது. செட்டில்மெண்ட் பத்திரத்தின் ‘அன்பு’ என்னும் வாய்பாட்டுச் சொல்லே அதனைச் சுமந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உயில், மரண சாசனம், செட்டில்மெண்ட், பராமரிப்பு, மூத்த குடிமக்கள் சட்டம், சென்னை மாகாணம்

முன்னுரை

முதியவர் ஒருவர் தம் கடைசிக் காலத்தைக் கருதி எழுதிவைக்கும் ஆவணத்தின் பின்னே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தமக்குப் பின் சொத்து யாரைச் சேரும் என்பது ஒன்று. தாம் உயிரோடு இருக்கும்வரை தம்மை யார் பார்த்துக்கொள்வார் என்பது மற்றொன்று. நாட்டுப்புற வழக்கில் இவ்விரண்டும் பிரிவதில்லை. ‘கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றுகிறவனுக்கு வீடு’ என்ற பேச்சு இரண்டையும் ஒரே தொடரில் முடித்துவிடும். சட்டமோ இவற்றைப் பிரித்தே கையாண்டது. முதற் கேள்விக்கு விரிவான விடை தந்தது. இரண்டாவதைக் குடும்பத்தின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்டது.

எதிர்காலத்தை ஆவணத்தால் கட்ட முயல்வது தமிழகத்துக்குப் புதிதன்று. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க 96 அல்லது 90 ஆடுகளைக் கொடையளித்த சோழர்காலக் கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. ஆடு சாகும், மூப்படையும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாமல் காக்கப்படும் என்பதே அதன் பொருள். ஏற்றுக்கொண்ட இடையனின் பொறுப்பு அங்கே அளவோடு எழுதப்பட்டது. மனிதரின் மூப்புக்கு இத்தகைய திட்டமான ஆவணமொழி நெடுங்காலம் வாய்க்கவில்லை.

உயில் எழுதும் உரிமை

பழைய இந்து தரும சாத்திரங்களில் உயில் என்ற கருத்து இல்லை. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு எஞ்சியிருப்போரைச் சேர்ந்தது. இறந்தவரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து இந்துக்களும் மரண சாசனம் எழுதத் தொடங்கினர். இதனைக் கட்டுப்படுத்த 1829ஆம் ஆண்டின் 5ஆம் ஒழுங்குவிதி பிறந்தது. இந்து சட்டத்துக்கு இணங்கிய அளவிலேயே அத்தகைய சாசனங்கள் செல்லும் என்று அது வரையறுத்தது.

இக்கட்டு மெல்லவே தளர்ந்தது. ஆண் சந்ததி இல்லாத ஒருவர் தாம் தேடிய சொத்தை உயிலின் வழி அளிக்கலாம் என்பதைச் சென்னை மாகாண வழக்கொன்றில் 1856இல் பிரிவி கவுன்சில் ஏற்றது. ஆனால் கூட்டுக் குடும்பச் சொத்தில் தமக்குள்ள பிரிபடாத பங்கை ஒருவர் உயிலால் வழங்க இயலாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1874இல் தீர்ப்பளித்தது. இவ்விதி 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 30ஆம் பிரிவால் மாற்றப்படும்வரை நின்றது. காவிரிக் கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ பூர்வீக நஞ்சையை உழுதுண்ட ஒரு கூட்டுக் குடும்பத் தந்தை, தம்மைக் கவனித்த மகனுக்குக் கூடுதலாகவும் கவனியாத மகனுக்குக் குறைவாகவும் எழுதிவைக்க அதுவரை வழியில்லை.

எழுத்தின் வரலாறும் கருதத்தக்கது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் இம்மாகாணத்தில் சென்னை நகரத்துக்கு மட்டுமே பொருந்தியது. நகரத்தில் எழுத்து, கையொப்பம், இரு சாட்சிகள் ஆகியவை கட்டாயமாக, வெளியூர்களில் வாய்மொழி உயிலும் செல்லுபடியாயிற்று. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 1927 ஜனவரி 1 முதல் எழுத்து எங்கும் கட்டாயமாயிற்று. அதற்கு முன் சாகும் தறுவாயில் உறவினரைச் சுற்றி அமர்த்திப் பேசிய பேச்சு சட்ட வலிமை பெற்றிருந்தது என்பதை இன்றைய ஆய்வாளர் பலர் கவனிப்பதில்லை. அப்பேச்சில் சொத்தோடு பராமரிப்பும் இடம்பெற்றிருக்கக்கூடும். எழுத்துக்கு மாறியபோது ஆவணத்தில் நின்றது சொத்தின் நான்கு எல்லைகள்.

பெண்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1956க்கு முன் கைம்பெண்ணுக்குக் கிடைத்தவை சீவனாம்ச உரிமையும், சில சூழல்களில் ஆயுட்கால அனுபவ உரிமையுமே. கணவன் எழுதிய உயில்களில் ‘உன் ஆயுள் பரியந்தம் அனுபவித்து’ என்னும் தொடர் அடிக்கடி வருவதற்கு இதுவே பின்புலம். மேற்படிச் சட்டத்தின் 14ஆம் பிரிவு பெண்ணின் வரம்புக்குட்பட்ட உரிமையை முழு உரிமையாக்கியது. சீவனாம்ச உரிமையை முன்னிட்டு அளிக்கப்பட்ட சொத்து, ஆவணம் அதனை ஆயுட்கால அளவுக்குக் கட்டுப்படுத்தியிருந்தாலும், முழு உரிமையாக மலரும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பராமரிப்பு என்பது கருணை என்ற நிலையிலிருந்து, சொத்தின் தன்மையையே மாற்றவல்ல உரிமையாக மதிக்கப்பட்ட அரிய தருணம் அது.

செட்டில்மெண்ட் என்னும் வழி

உயில் எழுதியவர் இறக்கும்வரை அதனை மாற்றலாம், ரத்து செய்யலாம். முதியவருக்கு அது தரும் வலிமை பெரிது. அவ்வாறிருந்தும் தமிழகத்தில் செட்டில்மெண்ட் மிகுதியாக விரும்பப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. உயிலைப் பதிவு செய்திருந்தாலும், எழுதியவர் இறந்தபின் வழக்கு எழுந்தால் சான்றொப்பமிட்ட சாட்சி ஒருவரேனும் நீதிமன்றத்தில் அதனை மெய்ப்பிக்க வேண்டும். செட்டில்மெண்ட் உடனே நடப்புக்கு வருகிறது, பட்டா மாறுகிறது, குடும்பத்தினருக்குள் எழுதும்போது முத்திரைக் கட்டணமும் குறைவு. பிள்ளைகளுக்கு இது வசதி. பெற்றோருக்கு இதன் விலை, கையெழுத்திட்ட அன்றே உரிமையை இழப்பது.

இப்பத்திரத்தின் வாய்பாடு தமிழகமெங்கும் ஏறத்தாழ ஒன்றே. ‘உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று தொடங்கி, ‘சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று உரிமையைக் கைமாற்றி, ‘எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்வதில்லை’ என்று வாயிலை அடைத்து முடியும். கிரயப் பத்திரத்தில் தொகை எழுதும் இடத்தில் இங்கே அன்பு எழுதப்படுகிறது. பணமாக எதுவும் பெறாமல் சொத்து கைமாறுவதற்குக் காரணம் காட்ட வேண்டியிருந்ததால் அச்சொல் அங்கே வந்தது. எழுதிக்கொடுத்த தாயோ தந்தையோ அச்சொல்லில் கேட்ட பொருள் வேறு. அன்பு என்பது இருவழிப்பட்டது, தமக்குத் திரும்பி வருவது என்றே அவர்கள் கருதினர். ஒரே சொல்லை எழுத்தர் ஒரு பொருளில் எழுத, கையெழுத்திட்டவர் மற்றொரு பொருளில் கேட்டார். பிற்கால வழக்குகளின் வேர் இங்கே இருப்பதாகவே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

‘என் ஆயுள் பரியந்தம் என்னைச் சம்ரட்சணை செய்து, உத்தரகிரியைகளையும் செய்ய வேண்டியது’ என்று வெளிப்படையாகவே எழுதிய பத்திரங்களும் உண்டு. அவையும் முழுக் காப்பாகவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, குறிப்பிட்ட நிகழ்வு நேர்ந்தால் தானம் ரத்தாகும் என இரு தரப்பும் உடன்பட்டிருந்தால் மட்டுமே ரத்துக்கு இடந்தருகிறது. எழுதிக்கொடுத்தவரின் வெறும் விருப்பம் போதாது. ‘தவறினால் இப்பத்திரம் ரத்து’ என்ற வாசகம் இல்லாதபோது சம்ரட்சணைத் தொடரை நிபந்தனையாகக் கொள்ளாது, நல்விருப்பமாகக் கொள்வதே நீதிமன்றங்களின் பொதுப்போக்காக இருந்தது.

குற்றவியல், குடிமைச் சட்டங்களும் தாமதமாகவே வந்தன. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே சீவனாம்சம் தந்தது. பெற்றோர் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவில்தான் சேர்க்கப்பட்டனர். அதிலும் மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001வரை நீடித்தது. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் மகனோடு மகளையும் பொறுப்பாக்கியது. ஆனால் தம் சொத்தாலோ வருவாயாலோ வாழ இயலாத பெற்றோருக்கே அவ்வுரிமை. வீட்டை எழுதிக்கொடுத்து வறியவரான பின்னரே ஒருவர் இச்சட்டத்தின் கதவைத் தட்டத் தகுதி பெறுகிறார் என்பது கசப்பான முரண்.

2007க்குப் பின்

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம் 2007 இம்முரணை நேராக எதிர்கொண்டது. அதன் 23ஆம் பிரிவின்படி, அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அறுபது வயதைக் கடந்த ஒருவர் சொத்தை மாற்றித் தந்து, பெற்றவர் அதனை மறுத்தால், அம்மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நிகழ்ந்ததாகவே கொள்ளப்படும். எழுதியவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதனைச் செல்லாததாக்கலாம். தமிழகத்தில் இத்தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம்.

‘நிபந்தனையோடு’ என்ற சொல்லில் சிக்கல் தொடர்ந்தது. நிபந்தனை இருந்ததாக நிறுவப்படாவிட்டால் 23ஆம் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், தானப் பத்திரத்தோடு பராமரிப்பு உறுதிமொழி தனித்தாளில் எழுதப்பட்டிருந்ததை அதே நீதிமன்றம் ஏற்று, இச்சட்டத்தை முதியோர் நலன் நோக்கிப் படிக்க வேண்டும் என வலியுறுத்தித் தாய்க்குச் சொத்தை மீட்டளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு மேலும் ஒரு படி சென்றது. வெளிப்படையான நிபந்தனை தேவையில்லை; பத்திரத்திலுள்ள அன்பும் பாசமுமே உள்ளார்ந்த நிபந்தனையாகும் என்பது அதன் நிலைப்பாடு. எழுத்தரின் வாய்பாட்டுச் சொல்லைக் கையெழுத்திட்டவர் கேட்ட பொருளிலேயே நீதிமன்றமும் கேட்டது எனலாம்.

இவ்விளக்கம் முதியோருக்கு அரண். எனினும் ஆவணங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு ஓர் ஐயம் எழுகிறது. எல்லாச் செட்டில்மெண்ட் பத்திரங்களிலும் அன்பு எழுதப்பட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் உள்ள சொல் எந்த ஒன்றின் தனி உடன்பாட்டுக்கும் சான்றாகுமா? உணவு, மருந்து, தங்குமிடம், உடனிருந்து பார்ப்பவர் யார் என்பனவற்றைப் பெயரோடும் அளவோடும் எழுதி, தவறினால் ரத்து என்ற வாசகத்தையும் சேர்ப்பதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை. தாயிடம் கணக்குப் பேசுவதா என்ற கூச்சமே தடை.

உடலைப் பற்றிய ஆவணம்

அண்மையில் மூன்றாம் வகை ஆவணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. மீள இயலாத நோய்நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ அறிவுறுத்தலை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்ற அன்றைய நிபந்தனை நடைமுறைக்கு ஒவ்வாததால், 2023 ஜனவரியில் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவுபெற்ற அலுவலர் முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதினால் போதும் எனத் தளர்த்தப்பட்டது. இதில் நான்கு எல்லைகள் இல்லை. சர்வே எண் இல்லை. அன்பு, பிரியம் என்ற தொடரும் தேவையில்லை. பதிவு அலுவலகத்துக்குப் பதிலாக ஊராட்சியிலோ நகராட்சியிலோ ஒரு படி வைக்கப்படுகிறது. எழுதுபவர் முடிவெடுக்கும் திறனை இழக்கும் நாளில் அவர் சார்பில் பேச வேண்டியவர் யார் என்பதை மட்டும் பெயர் சொல்லி எழுதியாக வேண்டும்.