டெங்கு மீண்டும் வந்தால் ஏன் கூடுதல் கவனம் தேவை?

ஒருமுறை டெங்கு வந்தவருக்கு மறுமுறை வராது என்பது தவறான நம்பிக்கை. முன்பு வந்த டெங்கு, சிலருக்கு அடுத்த டெங்குவைக் கடுமையாக்கக்கூடும்.

காரணம் என்ன?

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் நோயுற்றுக் குணமடைந்தவரின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள், அவ்வகையிலிருந்து நெடுங்காலம் பாதுகாப்பு அளிக்கின்றன. பிற வகைகளிலிருந்து கிடைக்கும் பாதுகாப்போ சில மாதங்களே நீடிக்கும்.

பின்னர் வேறொரு வகை வைரஸ் உடலில் நுழையும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் அதன்மீது ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் அதைச் செயலிழக்கச் செய்ய அவற்றால் இயலாமல் போகலாம். எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியை விழுங்கி அழிப்பது சில வெள்ளை அணுக்களின் பணியாகும். செயலிழக்காத வைரஸ் இவ்வழியே அந்த அணுக்களுக்குள் எளிதாகப் புகுந்து பெருகுகிறது. அதனால் நோய் எதிர்ப்பு அமைப்பு அளவுக்கு மீறித் தூண்டப்படுகிறது. நுண்ணிய இரத்தக்குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. இரத்த அழுத்தம் அபாயகரமாகக் குறைகிறது.

கியூபா நாட்டில் 1977இல் முதல் வகை டெங்கு பரவியது. 1981இல் இரண்டாம் வகை பரவியபோது 158 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 101 பேர் குழந்தைகள். கடுமையாக நோயுற்றோரில் பெரும்பாலோர் முன்பே முதல் வகைத் தொற்றுக்கு ஆளானவர்கள்.

அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும்

மறுமுறை டெங்கு வரும் பெரும்பாலோர் குணமடைகின்றனர். எனினும், முதல் தொற்று அறிகுறியின்றியே கடந்திருக்கக்கூடும். எனவே, முன்பு வந்ததாக நினைவில்லாதவர்களும் கவனமாக இருத்தல் வேண்டும். தாயிடமிருந்து எதிர்ப்பொருள்களைப் பெற்ற கைக்குழந்தைகளுக்கு முதல் தொற்றே கடுமையாகலாம்.

செய்ய வேண்டியவை

• முன்பு டெங்கு வந்திருந்தால் மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்கவும்.
• காய்ச்சல் தணியும் நாள்களிலேயே ஆபத்து மிகுதி. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு, கருநிற மலம், மிகுந்த சோர்வு, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். அவசர ஊர்திக்கு 108ஐ அழைக்கவும்.
• கல்வராயன் மலைக் கிராமங்களில் வசிப்போர், பயண நேரத்தைக் கருதி, இரவாயினும் விடியும்வரை காத்திருத்தல் கூடாது.
• ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைத் தவிர்க்கவும். இவை இரத்தக்கசிவை அதிகரிக்கக்கூடும். மருத்துவர் கூறும் அளவில் பாரசிட்டமால் மட்டும் உட்கொள்ளவும்.
• டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நன்னீரில் வளர்வது. கருணாபுரம் போன்ற நகர்ப்பகுதியாயினும் மலைக் கிராமமாயினும், குடங்களையும் தொட்டிகளையும் இறுக மூடி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவும்.