எல்லை ஊர் தகடூர்

எழுதப் படிக்கத் தெரியாத வணிகனும் வழி தவறக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். தருமபுரிப் பகுதியில் கிடைத்த காதக்கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவற்றாவளத்துக்கு இன்னும் 29 காதம் என்கிறது. எழுத்தோடு இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் உண்டு. பெரியது பத்து, சிறியது ஒன்று. பொதிமாடு ஓட்டி வந்தவன் தடவிப் பார்த்தே தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்த வழிதான் இன்று தருமபுரி எனப்படும் தகடூரின் செல்வம், தொல்லையும் அதுதான். ஒருபுறம் கன்னட நாடு, மறுபுறம் தொண்டை மண்டலம், தெற்கே கொங்கு. யார் கை ஓங்கினாலும் முதலில் கண் வைப்பது இந்த ஊர் மீதுதான்.

9ஆம் நூற்றாண்டில் தகடூர் நொளம்பர் வசம் இருந்தது. மகேந்திர நொளம்பனின் 893ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டில் நிதியண்ணன், சந்தியண்ணன் என்ற வணிகச் சகோதரர்கள் வருகிறார்கள். இருவரும் இங்கே ஒரு சமணப் பள்ளி கட்டினார்கள். அரசன் தனக்கு அளித்த மூலப்பள்ளி என்ற ஊரை நிதியண்ணன் அந்தப் பள்ளிக்கே கொடுத்துவிட்டான். அரசனிடமிருந்து ஊரையே பெறும் அளவுக்கு வணிகன் செல்வாக்கோடு இருந்த காலம் அது.

பிறகு சோழர் வந்தார்கள். 1116 வாக்கில் சோழருக்காகத் தலைக்காட்டைக் காத்து நின்றவன் தகடூர்த் தலைவர்களான அதியமான்களில் ஒருவன். சரணடையச் சொன்னான் ஹொய்சளத் தளபதி கங்கராஜன். முடிந்தால் போரிட்டு எடுத்துக்கொள் என்று பதில் போனது. தலைக்காடு வீழ்ந்தது.

சோழர் பிடி தளரத் தளர, எல்லைத் தலைவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். அதில் ரகசியமே இல்லை. தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள், கரிகாலசோழ ஆடையூர் நாடாள்வான், செங்கேணி அம்மையப்பன் அத்திமல்லன் என்ற சம்புவராயன் ஆகிய மூவரும் 1199இல் செய்த உடன்படிக்கை செங்கத்தில் கல்லிலேயே வெட்டப்பட்டது. பேரரசன் மூன்றாம் குலோத்துங்கன் அப்போது அரியணையில்தான் இருந்தான்! துணிச்சல்தான்.

இதே விடுகாதழகியன் போளூர் அருகே திருமலையில், முன்னோன் எழினி செய்துவைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்தான். அங்குள்ள கல்வெட்டில் அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது சேரர் குலத்து எழினியின் வழிவந்தவன் என்பதை.