லாக்

லாக் (பெ.): மென்பொருள் ஓடும்போது தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு. ஆங்கிலத்தில் முதற்பொருள் மரக்கட்டை. முடிச்சிட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தார்கள். அதைக் குறித்த ஏடு லாக்புக் ஆனது. அங்கிருந்து கணினிக்கு வந்தது.

ரயில்வே சிக்னல் துறையின் டேட்டா லாகர் என்ற கருவி, ஸ்டேஷன் ரிலேக்கள் (மின் சுவிட்சுகள்) எந்த நொடியில் நிலை மாறின என்று பதிகிறது: நேரம், ரிலேயின் பெயர், நிலை, தனித்தனியாக. மென்பொருள்காரர்கள் சொல்லும் கட்டமைத்த லாக்கும் இப்படித்தான். ‘பேமென்ட் ஆகவில்லை’ என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. நேரம், ஆர்டர் எண், பிழைக்குறி எல்லாம் பிரிந்து கிடந்தால்தான் லட்சம் வரிகளிலும் வேண்டியதைச் சலித்தெடுக்க முடியும். கடவுச்சொல்லை மட்டும் லாக்கில் எழுதவே கூடாது.