பாப் பாப் படகு

பாப் பாப் படகு என்பது மெழுகுவர்த்தி அல்லது எண்ணெய்த் திரியின் வெப்பத்தைக் கொண்டு நீரில் செல்லும் விளையாட்டுப் படகு ஆகும். இயங்கும்போது எழும் ஒலியால் இது இப்பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் திருவிழாக் கடைகளில் விற்கப்படும் தகரப் படகும் இவ்வகையைச் சேர்ந்ததே. இதன் பொறியில் சக்கரமோ, உந்துதண்டோ, அடைப்பிதழோ இல்லை. ஆகையால் முன் அனுபவம் இல்லாதவரும் தம் குழந்தையுடன் சேர்ந்து இதனை வீட்டிலேயே செய்ய இயலும்.

வரலாறு

பிரெஞ்சுக்காரரான தாமஸ் பியோ 1891ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்கரான சார்லஸ் மக்யூ 1915இல் மெல்லிய தகடு கொண்ட கொதிகலனை வடிவமைத்தார். சுருள் குழாய் வகைக்கு வில்லியம் பர்செல் 1920இல் விண்ணப்பித்தார். ஹயாவோ மியசாகியின் 'போன்யோ' (2008) என்னும் ஜப்பானிய அசைபடத்தில் இப்படகு இடம்பெறுகின்றது.

இயங்கும் முறை

குழாயில் உள்ள நீர் சூடாகி நீராவியாக மாறுகிறது. நீராவி, குழாயில் எஞ்சியுள்ள நீரைப் பின்புறமாக வெளியே தள்ளுகிறது. பின்னர் நீராவி குளிர்ந்து நீராவதால் உள் அழுத்தம் குறைந்து, வெளிநீர் குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. இச்சுழற்சி ஒரு நொடியில் பலமுறை நிகழும்.

நீரை உள்ளிழுக்கும்போது படகு ஏன் பின்னோக்கிச் செல்வதில்லை என்ற கேள்வி இயல்பாக எழும். வெளியேறும் நீர் ஒரே திசையில் பாய்ந்து, தன் உந்தத்துடன் படகை விட்டு நீங்குகிறது. உள்வரும் நீரோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது; அது குழாய்க்குள் வந்து நிற்கும்போது தன் உந்தத்தைப் படகிற்கே கொடுத்துவிடுவதால் பின்னிழுப்பு ஏறத்தாழ ஈடாகிறது. எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம். காற்றை உறிஞ்சி அணைக்க இயலாது. குழந்தைக்கு இவ்வெடுத்துக்காட்டு எளிதில் விளங்கும்.

செய்முறை

1. சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய செப்புக் குழாயின் நடுப்பகுதியை ஒரு பென்சிலின் மீது இரண்டு அல்லது மூன்று சுற்றுகளாகச் சுற்ற வேண்டும். குழாய் நசுங்காதிருக்க முன்னதாக நுண்மணலால் நிரப்பி, சுற்றியபின் முழுவதும் அகற்றுவது நல்லது.
2. இலேசான மரத்துண்டைப் படகு வடிவில் வெட்டி, குழாயின் இரு முனைகளும் பின்புறம் நீருக்கடியில் இருக்குமாறு பொருத்த வேண்டும். தெர்மக்கோல் வெப்பத்தால் உருகுமாதலால் ஏற்றதன்று.
3. சுருளின் கீழே சிறு உலோக மூடியில் குட்டையான மெழுகுவர்த்தியை வைக்க வேண்டும்.
4. ஒரு முனை வழியாக ஊசி போடும் குழலால் நீர் செலுத்தி, மறுமுனையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். முனைகளை விரலால் மூடியபடி படகை நீரில் இறக்கி, விரலை எடுத்தபின்னரே தீயேற்ற வேண்டும்.

வெட்டுதலும் தீயேற்றுதலும் பெரியவர் செய்ய வேண்டியவை. வண்ணம் பூசுதல், நீர் நிரப்புதல், படகை நீரில் இறக்குதல் ஆகியவற்றைக் குழந்தையிடம் விடலாம். படகு நகராவிடில், குழாயில் காற்று தங்கியிருத்தல் அல்லது குழாய் நசுங்கியிருத்தல் காரணமாக இருக்கலாம். சுருள் வகையில் தகடு இல்லாததால் ஒலி மிகக் குறைவு. இதனைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இராது.

பாதுகாப்பு

குழாயின் முனைகளை அடைத்த நிலையில் ஒருபோதும் சூடாக்கலாகாது. நீராவி வெளியேற வழியின்றிக் குழாய் வெடிக்கக்கூடும். சுடரை அணைத்த பின்னரும் சுருள் சிறிது நேரம் சுடும். அது ஆறும்வரை குழந்தை அதனைத் தொடாமலும், நீர்த்தொட்டியின் அருகே தனித்து இராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.