கைதிகள் நீங்கிய சிறைகள்: மறுபயன்பாட்டின் மூன்று வழிகளும் கோவைச் சிறையும்

ஆய்வுச் சுருக்கம்

நகர மையத்திலுள்ள பழைய சிறைகள் புறநகர்க்கு மாற்றப்படும்போது எஞ்சும் கட்டடத்தை என்ன செய்வது என்னும் வினாவிற்கு இந்திய நகரங்கள் மூன்று விடைகளைத் தந்துள்ளன: இடித்தல், ஒரு பகுதியைக் காத்துப் பொதுவெளியாக்கல், நினைவகமாக்கல். சென்னை, பெங்களூரு, போர்ட் பிளேர் ஆகிய மூன்றன் வரலாற்றை ஒப்பிடும் இக்கட்டுரை, கோவை மத்தியச் சிறை குறித்த முடிவிற்கு அவை தரும் படிப்பினையை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மத்தியச் சிறை, மறுபயன்பாடு, கட்டடச் சான்று, மொழிப்போர், வ.உ.சிதம்பரனார்

முன்னுரை

காலனிய ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்ட மத்தியச் சிறைகள் பல, நகரங்கள் வளர்ந்தபோது அவற்றின் நடுவே அகப்பட்டுக்கொண்டன. சிறையை வேறிடத்திற்கு மாற்றுவதற்குச் சொல்லப்படும் இடநெருக்கடி, பழுது, பாதுகாப்பு முதலிய காரணங்கள் கைதிகளைச் சார்ந்தவை. மாற்றியபின் எடுக்கப்படும் முடிவோ பெரும்பாலும் நிலத்தைச் சார்ந்தது. இவ்விரண்டிற்கும் இடையில், கட்டடமும் ஒரு வரலாற்று ஆவணம் என்னும் கருத்து இடம்பெறாமற் போய்விடுகிறது. சிறை விதிநூல்கள் தண்டனையின் நோக்கத்தைக் கூறும். அறையின் அகலம், சாளரத்தின் உயரம், காவற் கோபுரத்திலிருந்து பார்வை எட்டும் தொலைவு ஆகியவையே அத்தண்டனை உடலின்மீது எவ்வாறு செயற்பட்டது என்பதைக் கூறும்.

இடித்தல்: சென்னை

1837இல் கட்டப்பட்ட சென்னை மத்தியச் சிறையின் கைதிகள் 2006இல் புழலுக்கு மாற்றப்பட்டனர். இடிப்பதற்குமுன் சில நாள்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்ட கட்டடம், 2009இல் இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் எழுந்த சென்னை மருத்துவக் கல்லூரியின் புதிய கட்டடம் 2013இல் பயன்பாட்டிற்கு வந்தது. மருத்துவக் கல்விக்கு நகர நடுவில் இடம் கிடைத்ததைக் குறைத்து மதிப்பிட இயலாது.

எனினும் இழப்பும் அளவிடத்தக்கதே. 1932இல் சுபாஷ் சந்திர போஸ் அடைக்கப்பட்டிருந்த சிறை அது. முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசன், தாளமுத்து ஆகிய இருவரும் 1939இல் காவற்காலத்தில் நோயுற்று இறந்தனர். எழும்பூரில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இயங்கும் கட்டடம் இன்று ‘தாளமுத்து நடராசன் மாளிகை’ என அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் காக்கப்பட்டது, அவர்கள் அடைபட்ட இடம் காக்கப்படவில்லை. மொழிப்போர் வரலாற்றை எழுதுவோர் அச்சிறையின் அமைப்பை இனி ஆவணங்களிலிருந்தும் நினைவுகளிலிருந்தும் மட்டுமே மீட்டமைக்க இயலும்.

பொதுவெளியாக்கல்: பெங்களூரு

பெங்களூரு மத்தியச் சிறையின் கைதிகள் பரப்பன அக்ரகாரத்திற்கு மாற்றப்பட்டபின், அவ்வளாகம் 2008இல் ‘சுதந்திரப் பூங்கா’வாகத் திறக்கப்பட்டது. நிஷா மேத்யூ கோஷ், சௌமித்ரோ கோஷ் ஆகிய கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பில், காவற் கோபுரமும் பழைய சுவர்களின் பகுதிகளும் பூங்காவின் உறுப்புகளாக நிலைநிறுத்தப்பட்டன. நெருக்கடி நிலையின்போது வாஜ்பாய், அத்வானி முதலியோர் அடைக்கப்பட்டிருந்த இடம் மக்கள் கூடும் வெளியாயிற்று.

ஆயினும், 2021ஆம் ஆண்டின் ஆணை ஒன்று நகரின் போராட்டங்களை இப்பூங்காவிற்குள் மட்டுமே நடத்த வேண்டும் என வரையறுத்தது. எதிர்ப்பாளர்களை அடைத்துவைத்த மதிலுக்குள்ளேயே எதிர்ப்பும் ஒதுக்கப்பட்டது. கட்டடத்தின் பயன் மாறினாலும், எல்லை வகுத்தல் என்னும் அதன் தொழில் வேறு வடிவில் தொடரக்கூடும் என்பதற்கு இது சான்று. எனவே மறுபயன்பாடு என்பது கட்டடக் கலையோடு முடிவதன்று. அவ்விடத்தை ஆளும் விதிகளையும் உள்ளடக்கியது.

நினைவகமாக்கல்: போர்ட் பிளேர்

1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட அந்தமான் செல்லுலார் சிறை, நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள் விரியும் அமைப்புடையது. இன்று எஞ்சியிருப்பவை மூன்று கிளைகளே. வளாகத்தின் ஒரு பகுதியில் 1963இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது. எஞ்சிய பகுதி 1979 பிப்ரவரி 11 அன்று தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் நினைவகமும் மருத்துவமனையும் அமைந்திருப்பது, பயன்பாடும் பாதுகாப்பும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பதைக் காட்டுகிறது. சென்னையில் அத்தகைய பகிர்வு நிகழவில்லை.

இவ்வழிக்கும் ஒரு குறை உண்டு. நினைவகம் விடுதலைப் போராளிகளின் சிறைவாழ்வை முன்னிறுத்துகிறது. அச்சிறையைத் தம் உழைப்பால் கட்டியெழுப்பிய சாதாரணக் கைதிகள் அக்கதையின் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றனர்.

கோவைச் சிறையின் நிலை

1908இல் தண்டனை பெற்ற வ.உ.சி. கோவைச் சிறையில் 1910 வரை இருந்து, பின்னர்க் கண்ணூருக்கு மாற்றப்பட்டார். அவருடைய செய்யுள் வடிவிலான சுயசரிதை சிறைக்காலத்தை விரிவாகப் பதிவு செய்கிறது. அவர் இழுத்ததாகப் போற்றப்படும் செக்கு கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. செக்கை வண்டியேற்றிக் கொண்டுசெல்லலாம். அது சுழன்ற முற்றத்தையும், அதனைச் சூழ்ந்த மதிலையும், மேற்பார்வையாளர் நின்ற இடத்தையும் கொண்டுசெல்ல இயலாது. அவ்வுழைப்பைச் செய்த பெயரறியாக் கைதிகளுக்கோ செக்கும் எஞ்சவில்லை. இடம் மட்டுமே எஞ்சியுள்ளது.

இச்சிறையைப் பிளிச்சிக்கு மாற்றும் திட்டம் நடைமுறையில் உள்ளது. சிறை நிலத்தில் 45 ஏக்கர் பரப்பில் அமைந்த செம்மொழிப் பூங்கா 2025இல் திறக்கப்பட்டது. ஆகவே நிலத்தைப் பற்றிய முடிவுகள் தொடங்கிவிட்டன. பழைய கட்டடங்களைப் பற்றிய முடிவிற்கு இன்னும் காலம் உள்ளது.

மூன்று நகரங்களின் பட்டறிவிலிருந்து பின்வரும் வரிசைமுறையை முன்மொழியலாம். கைதிகள் வெளியேறும் முன்பே கட்டடம் முழுவதும் அளந்து வரையப்பட வேண்டும். கைதிப் பதிவேடுகள் ஆவணக் காப்பகத்தைச் சேர வேண்டும். காவலர், விடுதலையானோர் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகள் திரட்டப்பட வேண்டும். அதன்பின் கட்டடப் பகுதிகளை இருவகையாகப் பிரிக்கலாம். அகன்ற தொழிற்கூடங்களும் கொட்டடிகளும் நூலகமாகவோ அரங்கமாகவோ மாற எளிதில் இடந்தருபவை. தனியறைகள் அத்தகையன அல்ல; இடைச்சுவரை உடைத்தால்தான் அவை வேறு பயனுக்கு உதவும், உடைத்தால் அவற்றின் சான்றுத்தன்மை அழியும். எனவே முன்னவற்றில் மறுபயன்பாடும் பின்னவற்றில் பாதுகாப்பும் பொருந்தும்.

முடிவுரை

சென்னை நிலத்தைப் பெற்று இடத்தை இழந்தது. பெங்களூரு இடத்தைக் காத்தது, ஆனால் அதன் எல்லைக்குள் எதிர்ப்பையும் அடக்கியது. போர்ட் பிளேர் நினைவைக் காத்தது, ஆயினும் அந்நினைவில் எல்லாக் கைதிகளுக்கும் சமமான இடம் இல்லை. சிறை நிலத்தில் எதனைக் கட்டலாம் என்பது நகரத் திட்டமிடலுக்குரிய வினா. அவ்விடத்தில் இருந்தால் மட்டுமே சான்றாகக்கூடியவை எவை என்பது வரலாற்று ஆய்வுக்குரிய வினா. இரண்டாவது வினா முதலில் கேட்கப்படுமாயின் முதலாவதற்கும் பொருத்தமான விடை கிடைக்கும். கோவையில் அவ்வாய்ப்பு இன்னும் உள்ளது.