கட்டணமில்லாக் கூடம்: பொது நூலகங்களில் வகுப்பும் சொற்பொழிவும் வளர்ந்த வரலாறு

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது. மாவட்ட மைய நூலகம் முதல் ஊர்ப்புற நூலகம் வரை அந்த ஏழு நாளும் களைகட்டும். காலையில் புத்தகக் கண்காட்சி, பிற்பகலில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும், மாலையில் சொற்பொழிவு. விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் இந்தப் பணி நிற்பதில்லை. கோடை முகாம், கதை சொல்லும் நிகழ்ச்சி, நூல் திறனாய்வு, போட்டித் தேர்வுப் பயிற்சி என்று ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு நூலகத்தில் நடந்துகொண்டே இருக்கிறது. வருகிறவர்களிடம் யாரும் நுழைவுக் கட்டணம் கேட்பதில்லை.

"நூலகம் என்றால் அமைதியாகப் படிக்கிற இடம். அங்கே கூட்டமும் வகுப்பும் எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் நூலக இயக்கத்தின் வரலாற்றைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்கும். வகுப்பும் சொற்பொழிவும் பிற்காலத்தில் ஒட்டவைத்த அலங்காரங்கள் அல்ல. இயக்கத்தைத் தொடங்கியவர்களின் மனத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தவை அவை. அந்த வரலாற்றை இம்மலரில் பதிவு செய்வது நம் கடமை.

இயக்கத்தின் முதல் வகுப்பு

சென்னை எழும்பூரில் கன்னிமாரா பொது நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. அழகான கட்டடம், அரிய நூல்கள். ஆனால் மாகாணத்தின் கிராமங்களுக்கும் அதற்கும் நெடுந்தொலைவு. அந்தத் தொலைவைக் குறைக்க வந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.அரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். பிறகு லண்டன் சென்று நூலகக் கல்வி பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவர் பெர்விக் சேயர்ஸ். இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றை நேரில் பார்த்த அரங்கநாதனுக்கு ஒன்று விளங்கியது. தொழிலாளியும் இல்லத்தரசியும் குழந்தையும் உரிமையோடு உள்ளே வந்து போகிற இடமாகப் பொது நூலகம் இருக்க முடியும். நம் நாட்டிலும் அப்படி ஆக்க முடியும்.

1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. கே.வி.கிருஷ்ணசாமி ஐயர் தலைவர், அரங்கநாதன் செயலாளர். அதே ஆண்டு டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில்தான் அரங்கநாதன் தம் ஐந்து நூலகவியல் விதிகளைச் சொற்பொழிவாக முதலில் விளக்கினார். 1931இல் அவை நூலாக வந்தன. நூலக உலகம் முழுவதும் அறிந்த அந்த விதிகள் ஒரு கூட்டத்தில், கேட்பவர்கள் முன்னிலையில் வெளிப்பட்டவை என்பது நமக்குப் பெருமை. 1929 கோடையில் சங்கம் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தும் முன்பே, ஓர் ஆர்வலர் சங்கம் தன் முயற்சியில் அந்த வகுப்பை நடத்திக் காட்டிவிட்டது.

1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. பொறியாளர் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை வண்டியை வடிவமைத்துத் தந்தார். புத்தகத்தைத் தேடி மக்கள் வரட்டும் என்று காத்திராமல், மக்கள் இருக்கும் ஊருக்கே புத்தகம் போனது. இன்று நூலகர்கள் பள்ளிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் சென்று நிகழ்ச்சி நடத்தும்போது, அந்த வண்டி போன தடத்தில்தான் நடக்கிறார்கள்.

சட்டத்தில் ஒரு வரி

நூலகம் தனியாரின் தயவில் நிற்கக் கூடாது, சட்டத்தின் பலத்தில் நிற்க வேண்டும் என்பது அரங்கநாதனின் உறுதி. 1930இல் அவர் மாதிரிச் சட்ட வரைவு ஒன்றைத் தயாரித்தார். 1933இல் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் நூலக மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. விடுதலைக்குப் பிறகு, கல்வி அமைச்சராக இருந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். 1950 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கன்னிமாரா மாநில மைய நூலகமாயிற்று.

சொத்து வரியில் ரூபாய்க்கு அரையணா நூலக வரி என்று சட்டம் விதித்ததைப் பலரும் அறிவார்கள். அந்த வரி இன்று ரூபாய்க்கு 10 காசு. ஆனால் நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவின் அதிகாரங்களைச் சொல்லும் பகுதியில் இன்னொரு வரி இருக்கிறது. சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்யலாம், வகுப்புகள் நடத்தலாம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. நூலகத்தில் வாங்கி வைக்கத் தக்க பொருள்களின் பட்டியலில் புத்தகம், செய்தித்தாளோடு நிலப்படங்களும், திரையில் காட்டும் விளக்குப் படங்களும், சினிமாச் சுருள்களும்கூட இடம்பெற்றுள்ளன.

இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருந்த காலம் அது. அச்சிட்ட நூலை மட்டும் வைத்துக்கொண்டு கதவைத் திறந்திருந்தால், வரி கட்டிய மக்களில் பெரும்பகுதியினருக்கு அங்கே எதுவும் இருந்திருக்காது. காதால் கேட்டும் கண்ணால் கண்டும் அறிவு பெறும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆகவே நூலகத்தில் நடக்கும் இலவச வகுப்பு யாரும் போடும் பிச்சை ஆகாது. மக்கள் தாங்கள் கட்டிய வரியின் பயனைத்தான் அங்கே பெறுகிறார்கள்.

தாங்கும் தோள், வாசகர் வட்டம்

பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு நூலகத் துறையையும் சேர்த்துக் கவனித்து, ஊர்தோறும் கிளைகள் பரவ வழிசெய்தார். 1972இல் நூலகத்துக்கெனத் தனித் துறை உருவாகி, நூலகவியல் கற்ற வே.தில்லைநாயகம் அதன் முதல் இயக்குநரானார். இன்று மாநிலத்தில் 4,000க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இயங்குகின்றன.

இத்தனை நூலகங்களிலும் நிகழ்ச்சிகளை உயிரோடு வைத்திருப்பவை வாசகர் வட்டங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், கடைக்காரர், கல்லூரி மாணவர் என்று ஊரில் வாசிப்பில் நாட்டமுள்ள சிலர் சேர்வார்கள். தலைவர், செயலாளரைத் தேர்ந்துகொள்வார்கள். நூலகர் கூடத்தைத் திறந்து வைப்பார். பேச்சாளரை அழைப்பது, அழைப்பிதழ் அச்சிடுவது, நாற்காலி போடுவது, தேநீர் வாங்கித் தருவது எல்லாம் வட்டத்தின் பொறுப்பு. 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேரும்படி ஊராரைக் கேட்டு நூலகத்துக்கு ஆள் சேர்ப்பவர்களும் இவர்களே. அரசும் இந்தத் தொண்டை மதிக்கிறது. நூலகர்களுக்கு அரங்கநாதன் பெயரால் நல்நூலகர் விருதும், வாசகர் வட்டத்தினருக்கு நூலக ஆர்வலர் விருதும் வழங்கப்படுகின்றன.

சென்னை அண்ணா சாலையில் உள்ள தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலக அரங்கத்தை இலக்கிய வாசகர்கள் 'எல்.எல்.ஏ. பில்டிங்' என்றே செல்லமாகச் சொல்வார்கள். புத்தக வெளியீடு, நினைவஞ்சலி, கருத்தரங்கு என்று தமிழ் எழுத்துலகின் எத்தனையோ மாலைகள் அங்கே கழிந்திருக்கின்றன. பெரிய எழுத்தாளரும் முதல் கவிதைத் தொகுப்பைக் கையில் வைத்திருக்கும் இளைஞரும் ஒரே மேடையில் நின்ற இடம் அது.

புதிய காலத்துப் பெருங்கூடங்கள்

2010 செப்டம்பர் 15 அன்று கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டபோது, பல அடுக்குப் புத்தகங்களோடு பெரிய கலையரங்கமும் திறந்தவெளி அரங்கும் சேர்த்தே கட்டப்பட்டன. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு பிரெய்ல் பிரிவு, சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்குத் தனி இடம் என ஒவ்வொருவரையும் நினைத்து அமைத்தார்கள். அங்கே சனிக்கிழமைகளில் நடக்கும் 'பொன்மாலைப் பொழுது' நிகழ்ச்சியில் எழுத்தாளர்களும் துறை அறிஞர்களும் பேசுகிறார்கள். வாசகர்கள் கேள்வி கேட்கிறார்கள்.

2022 நவம்பரில் திருநெல்வேலியில் தொடங்கிய பொருநை இலக்கியத் திருவிழாவும், அதன் பின்வந்த வைகை, காவிரி, சிறுவாணி, சென்னைத் திருவிழாக்களும் பொது நூலகத் துறை முன்னின்று நடத்தியவை. 2023 ஜூலை 15இல், காமராசர் பிறந்த நாளன்று, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களின் பிள்ளைகள் சென்னை வரை போகாமலே அத்தகைய வாய்ப்பைப் பெறுகிறார்கள்.

பெருங்கூடங்களின் புகழ் சிறு கூடங்களை மறைத்துவிடக் கூடாது. தேர்வாணையத் தேர்வுக்குத் தயாராகும் கிராமத்து இளைஞருக்குப் பயிற்சி மையத்தின் கட்டணம் எட்டாத தொகை. அவருக்கு மாவட்ட நூலகத்தின் மாதிரித் தேர்வும் வழிகாட்டும் வகுப்புமே துணை. கோடை விடுமுறையில் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கிளை நூலகத்தின் காகிதக் கலை வகுப்பும் சதுரங்கமும் கதை நேரமும் பாதுகாப்பான பொழுது. கதை கேட்க வந்த குழந்தை அந்தக் கதை உள்ள புத்தகத்தைத் தேடி அலமாரிக்குப் போகும். நல்ல நிகழ்ச்சி ஒவ்வொன்றும் வாய்க்கால் நீர் வயலுக்குப் போவதுபோல் வாசகரைப் புத்தகத்திடம் கொண்டு சேர்க்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை

இந்தப் பெருமைகளோடு தேவைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, இடம். ஊர்ப்புற நூலகங்கள் பலவற்றில் வாசிக்கும் அறையைத் தவிர வேறு அறை இல்லை. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு நூலகத்திலும் 30 பேராவது அமர ஒரு சிறு கூடம் வேண்டும். இரண்டாவது, பணம். நிகழ்ச்சிக்கான செலவை நூலகரின் சட்டைப்பையும் வாசகர் வட்டத்தின் வசூலும் மட்டுமே சுமப்பது நியாயமில்லை. உள்ளாட்சிகள் வசூலிக்கும் நூலக வரி காலந்தவறாமல் ஆணைக்குழுவுக்கு வந்து சேர வேண்டும். அதில் ஒரு பங்கு சொற்பொழிவுக்கும் வகுப்புக்கும் என்று ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவது, பயிற்சி. 1929இல் ஆசான்கள் நமக்குக் காட்டிய வழி அது. கதை சொல்லவும், முகாம் நடத்தவும், மாற்றுத்திறனாளி வாசகரை வரவேற்கவும் நூலகப் பணியாளர்களுக்குத் தொடர்ந்து கற்பிக்க வேண்டும். நான்காவது, நேரம். பகல் முழுக்க உழைக்கும் மக்கள் வரத்தக்க மாலைப் பொழுதிலும் விடுமுறை நாளிலும் நிகழ்ச்சிகள் அமைய வேண்டும்.

வகுப்பும் சொற்பொழிவும் நடத்தலாம் என்ற சட்டத்தின் வரி 1948 முதல் காத்திருக்கிறது. அதை நடைமுறையாக்குவது அரசின் கையில் மட்டும் இல்லை. இந்த மலரைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் ஊர் நூலகத்தில் உறுப்பினராகுங்கள். வாசகர் வட்டம் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் நூலகரிடம் பேசி நீங்களே தொடங்குங்கள். தையல், கணக்கு, கணினி, தோட்டக்கலை, சட்டம், மருத்துவம் என உங்களுக்குத் தெரிந்த எதையும் ஒரு மணி நேரம் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க முன்வாருங்கள். அடுத்த நூலக வாரத்துக்கு முன் உங்கள் ஊர் நூலகத்தில் அப்படி ஒரு வகுப்பாவது நடக்கட்டும்.