சராசரியும் இடைநிலையும்

‘சராசரி மனிதன்’ என்று எழுதும்போது நடுவில் நிற்பவரையே நினைக்கிறோம். சொல்லின் வேர் வேறு. பாரசீகத்தில் ‘சர்’ என்றால் தலை. ‘சராசர்’ என்றால் ஒரு முனை முதல் மறுமுனை வரை, முழுவதும். அதிலிருந்து வந்ததே சராசரி; மராத்தியிலும் அதே சொல்தான். 4, 7, 10, 13, 16 எனச் சீராக ஏறும் எண்களில் இரு முனைகளைக் கூட்டிப் பாதியாக்கினாலே சராசரி 10 கிடைத்துவிடும். நடுவில் நிற்பதும் அதே 10. அப்படியானால் ஒரே சொல் போதாதா? போதாது. 16ஐ 66 ஆக்கினால் சராசரி 20க்குத் தாவுகிறது, நடு எண் அசைவதில்லை. ஊதியங்கள் சீரான இடைவெளியில் ஏறுவதில்லை. ஐவரில் நால்வர் எட்டாத தொகையைக்கூடச் சராசரி காட்டிவிடும். நடு எண்ணுக்குப் பாடநூல்கள் தந்த ‘இடைநிலை’ நல்ல சொல். ‘இடைநிலை ஆசிரியர்’ என்ற வழக்கோடு குழம்புமே என்பது பெரிய தடையன்று. இடம் நோக்கிப் பொருள் விளங்கும். சராசரி தன் இடத்தில் இருக்கட்டும். நடுவைச் சொல்லும்போது இடைநிலை என்றே எழுதுங்கள்.